சிறுநீர்ப்பைத் தசைக்குப் பரிவு நரம்பு உண்டா, இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலியங்கியல் பாடம் எடுக்கிறவன் நான். மருத்துவ மாணவர்கள், கால்நடை மருத்துவ மாணவர்கள், நடுவில் ‘எங்க அப்பாவுக்கு இந்த மாத்திரை எழுதியிருக்காங்க, இது என்ன சார் செய்யும்’ என்று கேட்கிறவர்கள், எல்லோரும் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய இதே கேள்விகளுக்குத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

எந்தத் தசையைப் பற்றிப் பேசுகிறோம்?

சிறுநீர்ப்பையின் சுவரில் இருக்கும் டிட்ரூசர் தசை. லத்தீனில் ‘கீழே தள்ளுவது’ என்று பொருள். வரியற்ற தசை, கட்டுக்கட்டாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்; குடலில் இருப்பதுபோல உள்வட்டம், வெளிநீளம் என்று அழகாக அடுக்குப் பிரிக்க முடியாது. பையின் அடிப்பக்கம் ஒரு முக்கோணம் இருக்கிறது, டிரைகோன் என்பார்கள்: சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு குழாய்கள் திறக்கும் இடம் இரண்டு முனை, வெளியே போகும் வாசல் மூன்றாவது முனை. அந்த வாசல்தான் பையின் கழுத்து. அதற்குக் கீழே யூரித்ரா, அதாவது சிறுநீர் வெளியேறும் குழாய். பையின் உடல், முக்கோணம், கழுத்து, யூரித்ரா என்று இந்த நாலையும் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். பரிவு நரம்பு இந்த நாலு இடத்தையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை, குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘பரிவு’ நரம்புக்கும் பரிவுக்கும் என்ன சம்பந்தம்? ‘எதிர்ப்பரிவு’ அதற்கு எதிரியா?

நம் விருப்பத்தைக் கேட்காமல் உள்ளுறுப்புகளை இயக்கும் இரண்டு நரம்புக் கூட்டங்களின் பெயர் இவை. சிம்பதெடிக் என்ற சொல்லை அப்படியே தமிழாக்கினார்கள், அவ்வளவுதான். ஓர் உறுப்புக்கு ஒன்று என்றால் இன்னோர் உறுப்பும் கூடவே துடிக்கிறது, அந்த ஒத்துணர்வு இந்த நரம்புகள் வழியாகப் போகிறது என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பிய காலத்துப் பெயர் அது. பாராசிம்பதெடிக் என்ற பெயரைக் கேம்பிரிட்ஜில் இருந்த லாங்லி 1905-இல் வைத்தார். ‘பாரா’ என்றால் பக்கத்தில் என்று அர்த்தம், எதிரே என்று இல்லை. நம் பாடநூலில் ‘எதிர்ப்பரிவு’ என்று போட்டதில், படிக்கிற பிள்ளைக்கு முதல் நாளே இது ஏதோ கயிறு இழுக்கும் போட்டி என்று மனதில் பதிந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் எல்லோருக்கும் பழகிய சொல் என்பதால் இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

‘எதிர்ப்பரிவு சுருக்கும், பரிவு தளர்த்தும்’ என்று மனப்பாடம் செய்தேனே, அது தப்பா?

தப்பில்லை, ஆனால் பாதிதான். சுருக்கும் வேலை தெளிவு: இடுப்பு நரம்பு வழியாக வரும் எதிர்ப்பரிவு இழைகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகின்றன, அது தசைச் செல்லின் எம்-3 ஏற்பியில் (வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடம்) உட்கார்ந்தால் தசை சுருங்கும். இந்த இழைகள் தசைக்குள் அப்படி அடர்த்தியாகப் பரவியிருக்கின்றன, ஏறக்குறைய ஒவ்வொரு தசைச் செல்லுக்கும் பக்கத்தில் ஒரு நரம்பு முனை இருக்கும்.

அடுத்த பாதியைப் படிக்கும்போது நாமாகவே ஒரு படம் வரைந்துகொள்கிறோம்: இதே அளவு அடர்த்தியாகப் பரிவு இழைகளும் தசைக்குள் வந்து, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று பிரேக், ஒன்று ஆக்சிலரேட்டர் என்று வேலை செய்வதாக. நுண்ணோக்கியில் அப்படி இல்லை. பெரும்பாலான பாலூட்டிகளில் பையின் உடல் பகுதித் தசைக்குள் பரிவு இழைகள் மிகவும் சொற்பம். கீழே இறங்க இறங்க, முக்கோணத்திலும் கழுத்திலும்தான் கூடுகின்றன. இருந்தும் பரிவு நரம்பைத் தூண்டினால் பை தளர்கிறது. இழை இல்லாத இடத்தில் தளர்வு எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பாடத்திலேயே சுவாரஸ்யமான விஷயம்; பாடநூல் அதை ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிறது.

இந்த நரம்பு எங்கே கிளம்பி எந்த வழியாக வருகிறது?

மனிதனில் தண்டுவடத்தின் மார்புப் பகுதிக் கடைசிப் பிரிவுகளும் இடுப்புப் பகுதி முதல் இரண்டு பிரிவுகளும், ஏறக்குறைய டி-11 முதல் எல்-2 வரை. அங்கிருந்து கிளம்பும் இழைகள் முதுகெலும்புக்கு முன்னால் இறங்கி, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு வலைப்பின்னலாகச் சேருகின்றன. அது மேல் ஹைப்போகேஸ்ட்ரிக் பின்னல். அதிலிருந்து இடது, வலது என இரண்டு ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்புகள் இடுப்புக்குழிக்குள் இறங்கி, பக்கவாட்டில் இருக்கும் இடுப்புப் பின்னலில் எதிர்ப்பரிவு இழைகளோடு கலந்துவிடுகின்றன. கலந்தபிறகு எது யார் என்று கத்தியால் பிரிக்க முடியாது.

நாயில் எல்-1 முதல் எல்-4, பூனையில் எல்-2 முதல் எல்-5 என்று கால்நடை நூல்களில் இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் இடுப்பு முதுகெலும்பு ஏழு, நமக்கு ஐந்து. அதனால் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள், இடத்தை வைத்து ஒப்பிடுங்கள். வாய்மொழித் தேர்வில் மனிதனுக்கு எல்-5 என்று சொல்லி மாட்டிக்கொண்ட பையன்கள் எத்தனையோ பேர்.

இழை குறைவு என்று எப்படித் தெரியும்? யார் எண்ணிப் பார்த்தது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்பைத் தூண்டினால் என்ன ஆகிறது என்று லாங்லியும் ஆண்டர்சனும் 1895-லேயே எழுதினார்கள். 1907-இல் எலியட் பல விலங்குகளில் செய்து பார்த்து, விலங்குக்கு விலங்கு பதில் மாறுகிறது என்று காட்டினார். ஆனால் இதெல்லாம் விளைவைப் பார்த்தது. நரம்பைத் தூண்டுகிறோம், பை தளர்கிறது அல்லது சுருங்குகிறது, நடுவில் என்ன இருக்கிறது என்பது இருட்டு. வெள்ளிச் சாயம் போட்டால் எல்லா நரம்பும் ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியும். எது பரிவு, எது எதிர்ப்பரிவு என்று சொல்ல வழியில்லை. 1946-இல் வான் ஆய்லர், பரிவு நரம்பு விடுவது நார்அட்ரினலின் என்று நிலைநாட்டினார். அப்படியானால் நார்அட்ரினலினையே ஒளிரவைத்தால் என்ன?

1962 வாக்கில் ஸ்வீடனில் ஃபால்க், ஹில்லார்ப் இருவரும் அதைச் செய்தார்கள். திசுவை உறையவைத்து, ஈரத்தை உறைந்த நிலையிலேயே இழுத்துவிட்டு, சூடான ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைக்க வேண்டும். நார்அட்ரினலின் அந்த ஆவியோடு சேர்ந்து ஒளிரும் பொருளாக மாறிவிடும். புறஊதா ஒளியில் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் பச்சையாக மணிமணியாகக் கோத்த நூல்போலத் தெரியும். அந்த மணிகள்தான் நார்அட்ரினலினைச் சேர்த்துவைத்திருக்கும் வீக்கங்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது, இருட்டில் தொங்கும் சீரியல் செட் மாதிரி இருக்கும்.

இந்த முறையையும், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைச் சாயமேற்றும் முறையையும் சேர்த்து, 1966-இல் எல்-படாவியும் ஷெங்கும் பாலூட்டிகளின் சிறுநீர்ப்பையைப் பார்த்தார்கள். இரண்டு வகை நரம்பும் உண்டு, ஆனால் பங்கீடு சமமில்லை. பச்சை நூல்கள் கழுத்துப்பக்கம் நிறைய, உச்சிப்பக்கம் போகப்போக அரிது, உடல் பகுதியில் தெரிவதில் பெரும்பங்கு ரத்தக்குழாயைச் சுற்றி ஓடுபவை. அதைவிட முக்கியமானது, நரம்பு முடிச்சுகளுக்குள் (ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தியைக் கைமாற்றும் இடங்கள்) நரம்புச் செல்களைச் சுற்றியே பச்சை மணிகள் மொய்த்தன. பூனையின் சிறுநீர்ப்பை முடிச்சுகளில் ஹாம்பர்கரும் நோர்பெர்க்கும் 1965-லேயே இதைக் கவனித்திருந்தார்கள். நரம்பு தசைக்குப் போகவில்லை, இன்னொரு நரம்பிடம் போகிறது!

இந்தப் பச்சை உண்மையிலேயே நார்அட்ரினலின்தானா என்று சரிபார்க்க அக்காலத்தில் ரிசர்பின் கொடுப்பார்கள். அது நரம்பு முனையில் இருக்கும் நார்அட்ரினலின் சேமிப்பைக் காலிசெய்துவிடும், பச்சை மறைந்துவிடும். ரிசர்பின் எங்கிருந்து வந்தது? நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து. 1952-இல் பிரித்தெடுத்தார்கள். இப்போதெல்லாம் ஆவி, உறைபனி எல்லாம் வேண்டாம், நார்அட்ரினலினைத் தயாரிக்க உதவும் டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் நொதிக்கு எதிரான ஆன்டிபாடி போட்டால் வேலை முடிந்தது. ஆனாலும் கிடைக்கும் படம் பெரிதாக மாறவில்லை.

சரி, தசையில் இழை இல்லை என்றால் பை எப்படித் தளர்கிறது?

ஒரே வழி இல்லை, அதுதான் பதில்.

முதல் வழி, முடிச்சிலேயே மறிப்பது. டி க்ரோட்டும் சாமும் 1972-இல் பூனையில் காட்டியது இது. சுருங்கு என்ற கட்டளை எதிர்ப்பரிவு வழியாக வருகிறது, பைக்குப் பக்கத்திலுள்ள முடிச்சில் ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலைப் பரிவு நரம்பு விடும் நார்அட்ரினலின் ஆல்ஃபா ஏற்பி வழியாகத் தடுத்துவிடுகிறது (நார்அட்ரினலினை வாங்கும் ஏற்பிகளில் ஆல்ஃபா ஒரு வகை, பீட்டா இன்னொரு வகை). தசையைத் தொடவே இல்லை. தசைக்கு வர வேண்டிய கட்டளையைத் தபால் ஆபீஸிலேயே நிறுத்திவிட்டது. நமக்குத் தெரிவது ‘பை தளர்ந்தது’, உண்மையில் நடந்தது ‘பை சுருக்கப்படவில்லை’.

இரண்டாவது வழி, தசையிலுள்ள பீட்டா ஏற்பிகள். இழை சொற்பமாக இருந்தாலும் தசையில் ஏற்பிகளுக்குக் குறைச்சலில்லை. வரியற்ற தசையில் எலும்புத்தசையைப்போல நரம்பு முனையும் தசையும் ஒட்டி உட்கார வேண்டிய அவசியமில்லை, தூரத்தில் விட்டதும் பரவி வரலாம், ரத்தத்தில் சுற்றும் அட்ரினலினும் வந்து சேரலாம். ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடுகிறது, தசை இளகுகிறது. தசைச் செல்களும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருப்பதால் எல்லாச் செல்லுக்கும் தனித்தனியாகச் செய்தி வர வேண்டியதும் இல்லை.

மூன்றாவதாக, பீட்டா ஏற்பிகள் தசையில் மட்டும் இல்லை, பையின் உள்தோலிலும் உண்டு. அசிட்டைல்கோலின் விடும் நரம்பு முனைகளில் வேலை செய்து அந்த வெளியீட்டைக் குறைக்கவும் கூடும் என்கிறார்கள். எந்த வழிக்கு எத்தனை பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் தகராறுதான்.

பூனையில் பார்த்ததை மனிதனுக்குச் சொல்லலாமா?

கவனமாக. இந்தப் பாடத்தில் பலர் கால் தடுக்குவது இங்கேதான். தளர்த்தும் பீட்டா ஏற்பி, பூனையில் முக்கியமாக பீட்டா-1 வகை, முயலில் பீட்டா-2, எலியில் பீட்டா-2, பீட்டா-3 இரண்டும், நாய், குரங்கு, மனிதனில் பீட்டா-3. மனித டிட்ரூசரில் பீட்டா ஏற்பிக்கான ஆர்என்ஏ-வில் 95 சதவீதத்துக்கு மேல் பீட்டா-3 தான். எதிர்ப்பரிவுப் பக்கமும் இதே கதை: பல விலங்குகளில் அசிட்டைல்கோலினோடு ஏடிபி என்ற இன்னொரு வேதிப்பொருளும் சேர்ந்து சுருக்கும், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தாலும் முழுதாக அடங்காது, நோயில்லாத மனிதப் பையில் அட்ரோபின் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும். எலியில் வேலைசெய்த மருந்து மனிதனில் சொதப்பினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், ஆய்வகம் இருந்தால். எலியின் சிறுநீர்ப்பையிலிருந்து தீக்குச்சி அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரியில் இருக்கும் கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசலில் தொங்கவிட வேண்டும். கீழிருந்து ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் குமிழ்விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் இழுவிசை கொடுத்து ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும், மாணவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் பெரிய சோதனை. அப்புறம் பார்த்தால் பட்டை தானாகவே சின்னச்சின்னதாகத் துடித்துக்கொண்டிருக்கும், திரையில் கோடு குளத்து நீர்போல அலை அலையாக ஓடும். நரம்பு எதுவும் தூண்டப்படவில்லை, தசையின் சொந்தத் துடிப்பு.

இப்போது பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோப்ரினலின் ஒரு துளி விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அலைகள் சிறுத்து, கோடு மெதுவாகக் கீழே இறங்கும். நான் படித்த காலத்தில் இதையே புகைபோட்ட காகிதம் சுற்றிய டிரம்மில் எழுதினோம், கைபட்டால் பதிவு அழிந்துவிடும், அரக்குக் கரைசலில் முக்கிக் காயவைத்து ரெக்கார்டில் ஒட்டுவோம். அன்று என் சட்டையில் ஏறிய கரி கடைசிவரை போகவில்லை. நார்அட்ரினலின் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பட்டையை எங்கிருந்து வெட்டினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். உடலிலிருந்து வெட்டியது இளகும். கழுத்திலிருந்து வெட்டியது சுருங்கும். ஒரே நரம்பு, ஒரே வேதிப்பொருள். கழுத்தில் ஆல்ஃபா-1, உடலில் பீட்டா, ஏற்பி மாறினால் வேலையே தலைகீழ்.

பை நிரம்பும்போது பரிவு நரம்பு எப்போது வேலைக்கு வருகிறது?

நிரம்பத் தொடங்கியதும் சுவரிலுள்ள உணர்வு இழைகள் இடுப்பு நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. தண்டுவடம் தன் மட்டத்திலேயே, மூளையைக் கேட்காமல், ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்பை முடுக்குகிறது. கழுத்து இறுகுகிறது, முடிச்சுகளில் தடை விழுகிறது, உடல் இளகிக்கொடுக்கிறது. நம் பையில் 300 மி.லி. சேர்ந்தபோதும் உள்ளே அழுத்தம் 10 செ.மீ. நீர்மட்டத்தைச் சுற்றியே நிற்பதற்கு இது ஒரு காரணம்; தசை, இணைப்புத்திசுவின் சொந்த நெகிழ்வு இன்னொரு காரணம், நியாயமாகப் பார்த்தால் பெரிய காரணம் அதுதான். கழிக்கும் நேரம் வந்ததும் மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலுள்ள மையம் பரிவு நரம்பை அணைத்துவிட்டு எதிர்ப்பரிவைத் திறக்கிறது. அந்த மையத்தை 1925-இல் பூனையில் காட்டியவர் பாரிங்டன், இன்றும் அவர் பெயர்தான் அதற்கு.

ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்பை வெட்டிவிட்டால் சிறுநீர் ஒழுகுமா?

ஒழுகாது. பூனையில் வெட்டினால் நிரம்பும்போது பையின் கொள்திறன் கொஞ்சம் குறைகிறது, துடிப்பு கூடுகிறது. மனிதனில் வலிக்காக மேல் ஹைப்போகேஸ்ட்ரிக் பின்னலை வெட்டும் அறுவைசிகிச்சை உண்டு, பெரும்பாலோருக்குச் சிறுநீர் விஷயத்தில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. அடக்கிவைக்கும் வெளிச்சுருக்குத்தசை வேறு நரம்பில், புடெண்டல் நரம்பில் இருக்கிறது.

இன்னொன்று: வெட்டினபிறகும் பையில் பச்சை இழைகள் மிச்சமிருந்தன என்பது பழைய ஆய்வுகளில் பெரிய புதிர். பரிவு நரம்புச் செல் என்றால் முதுகெலும்போரம்தான் இருக்கும், அங்கிருந்து நீளமாக இழை வரும் என்றுதானே படித்திருக்கிறோம்? இங்கே நிறையச் செல்கள் பைக்குப் பக்கத்திலுள்ள இடுப்பு முடிச்சுகளிலேயே குடியிருக்கின்றன. மேலே வெட்டினால் கட்டளை வராது, ஆனால் செல்லும் அதன் குட்டையான இழையும் உயிரோடு இருக்கும்.

ஆண்களுக்கு இழப்பு வேறு இடத்தில் தெரியும். விந்து வெளியேறும் நொடியில் பையின் கழுத்து இறுக மூட வேண்டும், அது பரிவு நரம்பின் வேலை. அது போனால் விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும், அல்லது விந்தே வராது. விரைப் புற்றுநோய்க்காக வயிற்றின் பின்பக்க நிணநீர்க்கணுக்களை எடுக்கும்போது அறுவை மருத்துவர்கள் இந்த நரம்புகளைத் தேடித்தேடிக் காப்பாற்றுவது இதற்காகத்தான். ஆணின் பைக்கழுத்தில் பரிவு இழைகள் அடர்த்தியாகவும் பெண்ணின் பைக்கழுத்தில் மிகச் சொற்பமாகவும் இருப்பதை 1977-இல் காஸ்லிங் குழு காட்டியது. அப்படியானால் ஆணின் அந்தக் கழுத்துச் சுருக்கு, சிறுநீரை அடக்குவதைவிட விந்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயந்தால் பரிவு நரம்பு வேலை செய்யும், பரிவு நரம்பு பையைத் தளர்த்தும். பிறகு ஏன் பயத்தில் சிறுநீர் வருகிறது?

பரீட்சை ஹாலுக்கு வெளியே கழிப்பறை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. நரம்பு இரண்டும் தராசுத்தட்டு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற படத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் கிடைக்காது. சிறுநீர் கழிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது மூளை. முன்மூளை சாதாரணமாகப் பான்ஸ் மையத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. பயம், பதற்றத்தைக் கையாளும் பகுதிகளுக்கும் அந்த மையத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. கடும் பயத்தில் முன்மூளையின் பிடி நழுவினால் கீழே பரிவு நரம்பு எவ்வளவு முயன்றாலும் எடுபடாது, பான்ஸ் மையத்துக்குத்தான் அதை அணைக்கும் அதிகாரம் இருக்கிறதே. இதில் இரண்டு விஷயம் கலந்திருப்பதையும் பாருங்கள்: வரும்போல இருக்கிறது என்ற உணர்வு வேறு, உண்மையில் பை சுருங்குவது வேறு. ஹால் வாசலில் நிற்பவர்களில் பலர் உள்ளே போய் நாலு சொட்டு விட்டுத் திரும்புவார்கள்.

மிராபெக்ரான் மாத்திரை இந்த நரம்பைத்தான் தூண்டுகிறதா?

நரம்பை அல்ல, பீட்டா-3 ஏற்பியை. அந்த ஏற்பியின் மரபணு 1989-இல் அடையாளம் காணப்பட்டது, மனித டிட்ரூசரைத் தளர்த்துவது அதுதான் என்று ஜப்பானியக் குழுக்கள் 1999-இல் காட்டின, மாத்திரை ஜப்பானில் 2011-லும் அமெரிக்காவில் 2012-லும் அனுமதி பெற்றது. அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வரும் தொந்தரவுக்குத் தருகிறார்கள். பழைய மாத்திரைகள் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை, வாய் உலர்ந்துபோகும், மலம் இறுகும், வயதானவர்களுக்குக் குழப்பம் வரலாம். இதில் அது குறைவு. பதிலுக்கு ரத்த அழுத்தம் ஏறலாம், கட்டுக்கடங்காத கொதிப்பு உள்ளவர்களுக்குத் தரமாட்டார்கள். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், பலன் முழுதாகத் தெரிய சில வாரம் ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், மாத்திரை சாப்பிட்டவரின் ரத்தத்தில் இருக்கும் அளவு மருந்தைத் தசைப்பட்டையில் விட்டால் தசை பெரிதாக இளகுவதில்லை, அதைவிட அதிகம் வேண்டும். அதனால்தான் இது தசையில் அல்லாமல் நரம்பு முனையிலோ உணர்வு இழைகளிலோ வேலை செய்கிறதோ என்று சந்தேகப்படுகிறார்கள். பாருங்கள், சுற்றி வந்து அதே கேள்வியில் நிற்கிறோம்.

படபடப்புக்கு ப்ராப்ரனலால் சாப்பிடுகிறேன், அது பீட்டா ஏற்பியைத் தடுக்குமே, பை கெட்டுவிடாதா?

கெடாது. பீட்டா-1, பீட்டா-2 மேல்தான் அதற்குப் பிடி, பீட்டா-3 அதற்கு அவ்வளவாக மசியாது.

சளி மாத்திரை போட்டதும் சிறுநீர் அடைத்துக்கொண்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியப்பாவுக்கு 70 வயதுக்கு மேல், புராஸ்டேட் ஏற்கெனவே கொஞ்சம் வீங்கியிருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் மூக்கொழுகல், யாரோ ஒரு மாத்திரை கொடுத்தார்கள், ராத்திரி முழுக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்குப் பக்கம் வந்தது. பணியில் இருந்தவர் என்ன மாத்திரை போட்டார் என்று கேட்கவே இல்லை, அட்டையை நான்தான் பெரியப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் போன்றவை ஆல்ஃபா ஏற்பியைத் தூண்டி மூக்கு ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன. அதே ஏற்பி பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் இருக்கிறது. ஏற்கெனவே இடுக்கான வாசல் இன்னும் இறுகிவிடும். அதே மாத்திரையில் சேர்ந்துவரும் தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து அசிட்டைல்கோலினையும் தடுத்தால், தள்ளும் தசையும் ஓய்ந்துவிடும். வாசலையும் பூட்டி ஆளையும் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? டாம்சுலோசின், சைலோடோசின் இதற்கு நேர்மாறு, ஆல்ஃபா-1 ஐத் தடுத்து வாசலை இளக்குபவை. அவற்றைச் சாப்பிடும் சிலருக்கு விந்து வருவது குறைவதும் இதே கணக்குதான், பயப்பட ஒன்றுமில்லை, மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

எங்கள் பெண் நாய்க்குக் கருத்தடை செய்தபிறகு தூங்கும்போது சிறுநீர் ஒழுகுகிறது. இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கருப்பை, சினைப்பை எடுத்த பெண் நாய்களில், அதிலும் பெரிய ரகங்களில், யூரித்ராவின் இறுக்கம் குறைவதால் வருவது இது. படுத்த இடம் நனைந்திருக்கும், முழித்திருக்கும்போது சரியாக இருக்கும். ஃபினைல்புரோப்பனலமின் என்ற மருந்து பரிவு நரம்பு வேலையைப் போலியாகச் செய்து யூரித்ராவை இறுக்கும், நன்றாகவே கேட்கும். மனிதர்களுக்கு மூளை ரத்தக்கசிவு அபாயம் காரணமாக 2000-இல் அமெரிக்காவில் விலக்கிக்கொள்ளப்பட்ட மருந்து அதுதான், அதனால் கால்நடை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நாய் வேண்டுமென்றே செய்கிறது என்று அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு என்ன எழுத?

தண்டுவட மட்டம், ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்பு, உடலில் பீட்டா-3 தளர்வு, கழுத்தில் ஆல்ஃபா-1 சுருக்கம், முடிச்சில் தடை. படம் போடுங்கள். படத்தில் பரிவு இழையை உடல் தசைக்கு மெல்லிய கோடாகவும் கழுத்துக்கும் முடிச்சுக்கும் தடித்த கோடாகவும் போட்டால், நான் திருத்துகிறவனாக இருந்தால் அரை மதிப்பெண் கூடப் போடுவேன்.

சிறுநீர் கழித்ததும் தலைவலி, படபடப்பு, வியர்வை வருகிறது. இது பரிவு நரம்பா?

பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கழிக்கும்போதோ கழித்த உடனேயோ இது வந்தால், ரத்த அழுத்தமும் அப்போது ஏறினால், மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள். பைச்சுவரில் பரிவு நரம்பு மண்டலத்தோடு உறவுள்ள சிறு செல்கூட்டங்கள் உண்டு. மிக அபூர்வமாக அவற்றிலிருந்து ஒரு கட்டி வரும், பை சுருங்கிப் பிழியும்போதெல்லாம் நார்அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். 1953-இல் முதலில் விவரித்தார்கள். வாழ்நாளில் ஒன்று பார்த்தாலே அதிகம்.

தண்டுவடத்தில் அடிபட்டவருக்குப் பை நிரம்பினால் ரத்த அழுத்தம் ஏறும் என்கிறார்களே?

ஆமாம், வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்தப் பதிலை இரண்டு தடவை படியுங்கள். அடி டி-6 (மார்புப் பகுதியின் ஆறாவது பிரிவு) மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், பை நிரம்பிய செய்தி தண்டுவடத்துக்குள் நுழைந்து கீழ்ப்பகுதிப் பரிவு நரம்புகளை மொத்தமாகக் கிளப்பிவிடும். மூளையிலிருந்து ‘போதும், நிறுத்து’ என்ற கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டி வராது. வயிற்று ரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் மளமளவென்று ஏறும். மண்டை பிளக்கும் தலைவலி, அடிபட்ட இடத்துக்கு மேலே முகம் சிவந்து வியர்ப்பது, பலருக்கு நாடித்துடிப்பு குறைவது. மூளையில் ரத்தம் கசியும் அளவுக்குப் போகலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, முதலில் சிறுநீர் டியூபைப் பாருங்கள்: மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, டியூபின் முனையில் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை நிறைந்து வழியில்லாமல் நிற்கிறதா. டியூப் போடாதவர் என்றால் உடனே டியூப் போட்டுப் பையைக் காலிசெய்ய வேண்டும். சிறுநீர் இறங்கத் தொடங்கியதும் பல நேரம் தலைவலியும் இறங்கும். இறங்காவிட்டால் மலச்சிக்கல், படுக்கைப்புண் என்று அடுத்த காரணத்தை ஒருவர் தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைத்துவிடுங்கள்.